சோச்சி 2014: மதிப்பெண் தாள் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேற்று ராத்திரி, ரஷ்யாவில் நடந்த 2014 சோச்சி ஒலிம்பிக்கின் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கை (பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டி) மறுபடி போட்டுப் பார்த்தோம். வீட்டில் இரண்டு கட்சி. நான் தென் கொரியாவின் யூனா கிம் பக்கம், மகள் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா பக்கம். சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

முதல் சுற்றில் யூனா 74.92, அடெலினா 74.64. நூலிழைதான் வித்தியாசம். இரண்டாம் சுற்றில் அடெலினாவுக்கு 149.95, யூனாவுக்கு 144.19. தங்கம் ரஷ்யாவுக்குப் போனதும் ரசிகர்கள் கொதித்து, இணையத்தில் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். கொரியா கொடுத்த புகாரும் எடுபடவில்லை.

'உள்ளூர்ப் பெண் என்பதால் தூக்கிவிட்டார்கள்' என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் தாளைக் காட்டினாள். இரண்டாம் சுற்றில் அடெலினா ஏழு டிரிபிள் தாவல் (காற்றில் மூன்று முறை சுழல்வது), யூனா ஆறு. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று தாவல்களைச் சேர்த்துச் செய்த இடத்தில், கடைசித் தாவலில் அடெலினா தடுமாறினாரே! யூனா துளி பிசகவில்லை. அப்படியிருந்தும் கலைநயத்துக்கான மதிப்பெண் அடெலினாவுக்கு 74.41, யூனாவுக்கு 74.50 என்று கிட்டத்தட்ட ஒன்றாக வந்திருக்கிறது. இதுதான் எனக்கு நெருடுகிறது.

கால் அசைவு வரிசையில் அடெலினாவுக்கு லெவல் 4, யூனாவுக்கு லெவல் 3 (லெவல் என்றால் எவ்வளவு கடினம் என்ற அளவு). அந்த லெவலை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? யூனா எந்தத் திருப்பத்தில் கோட்டைவிட்டார்? வீடியோவில் நிமிடம், நொடியோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மகளோடு அடுத்த சுற்றுச் சண்டை இருக்கிறது.