தீவில் உங்கள் முதல் மரணம் எப்படி நேர்ந்தது?

இரவுப்பணிக்காரன் (ஈசூன்)

சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இரவு வேலை எனக்கு. பகலில் தூக்கம் வராத நாள்களில் மகனின் கணினியில் ‘ஸ்ட்ராண்டட் டீப்’ விளையாடப் பழகிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குழு உருவாக்கிய விளையாட்டு. முழுமை பெறாத வடிவில் 2015-இல் விற்பனைக்கு வந்தது. சொகுசு விமானம் ஒன்றில் போய்க்கொண்டிருப்பீர்கள். அது பசிபிக் கடலில் விழும். மிஞ்சுவது ஒரு ரப்பர்ப் படகும் துடுப்பும். எதிரே ஒரு குட்டித் தீவு. அதற்கப்புறம் உங்கள் சமர்த்து.

தென்னை மரங்களைப் பார்த்ததுமே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தென்னந்தோப்பில் வளர்ந்தவனுக்குத் தீவு என்ன பெரிய சோதனை? கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் பசி, தாகம், உடல்நிலை எல்லாம் அதில் தெரியும். தாகம் எடுக்க எடுக்க இளநீர் வெட்டிக் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். திடீரென்று திரையில் வயிற்றுப்போக்கு என்று வந்தது. குடித்த தண்ணீரெல்லாம் போய், தாகம் முன்னைவிட மோசமாகி, இரண்டாம் நாள் மாலை மணலில் விழுந்து செத்தேன். சுறா தொடவில்லை, பாம்பு தீண்டவில்லை. பட்டுக்கோட்டைக்காரன் இளநீரால் செத்தான் என்று வெளியில் சொல்ல முடியுமா? இங்கே சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பின்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். “இளநீர் குடித்து வயிறு கெட்டுப்போகுமா? இதைச் செய்தவன் தென்னை மரத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான்” என்றார். அடுத்த ஆட்டத்தில் எல்லாரும் செய்வதுபோல மரத்தையே வெட்டிச் சாய்த்தேன். தண்டு, கீற்று, காய் எல்லாம் ஒரே அடியில் கிடைத்துவிடும். மரம் சாய்ந்ததும் அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

ஈரத்துண்டு

சுறாதான். நான்கு மணி நேரம் உழைத்துப் பெட்டி நிறையச் சேர்த்த பொருள்களோடு மிதவையில் அடுத்த தீவுக்குப் புறப்பட்டேன். நடுக்கடலில் ஒரு முட்டு. மிதவை கவிழ்ந்தது. நான் தப்பிவிட்டேன், பெட்டி தப்பவில்லை. செத்திருந்தால்கூட இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

மூன்றாம் மாடி

நான் தேசிய சேவையை (கட்டாய ராணுவப் பணி) முடித்த கையோடு இதை விளையாட ஆரம்பித்தேன். தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி எடுத்தவர்களுக்குத் தண்ணீர் விஷயம் சொல்லித் தர வேண்டியதில்லை. வரிசையில் நிற்கவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும், குடித்து முடித்த போத்தலைத் தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் விளையாட்டில் முதல் நாளே நீர் வடிக்கும் கருவியைச் செய்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு: அதில் கீற்றையோ நார் இலையையோ போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் குடிநீர் சேரும். நிஜத்திலும் இதற்கு வழி உண்டு. குழி தோண்டி, பச்சை இலைகளைப் போட்டு, மேலே நெகிழித்தாளை இழுத்து மூடி, நடுவில் ஒரு கூழாங்கல்லை வைத்தால், வெயிலில் இலையின் ஈரம் ஆவியாகித் தாளின் அடியில் துளிர்த்து, நடுவில் வைத்த குவளையில் சொட்டும். ஆனால் நாள் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான். தோண்டும்போது வியர்வையாகப் போகும் தண்ணீர் அதைவிட அதிகமாக இருக்கலாம். விளையாட்டு அந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இவ்வளவு தெரிந்தும் எப்படிச் செத்தேன்? கடலோரத்தில் கால் மட்டம் தண்ணீரில் நடந்தபோது முள்ளெலி போன்ற அந்தக் கடல் உயிரினத்தை மிதித்துவிட்டேன். விஷம் ஏறியது. மருந்துக்கான செடி என் தீவில் இல்லை. அடுத்த தீவு தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. பாதி வழியில் துடுப்பு போடும்போதே கண் இருண்டுவிட்டது. நம் தென் தீவுகளில் நீர் வற்றும் நேரம் பார்த்து நடக்கப் போகிறவர்களை முழுக்க மூடிய காலணி போடச் சொல்வது எதற்கு என்று அன்றுதான் உறைத்தது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நான் விளையாடுவதில்லை, மத்தியஸ்தம் செய்கிறேன். எங்கள் வீட்டில் தொலைக்காட்சித் திரையை இரண்டாகப் பிரித்து அண்ணனும் தம்பியும் ஒரே தீவில் வாழ்கிறார்கள். பெரியவன் கூரை கட்டுகிறான், கயிறு திரிக்கிறான். சின்னவன் அண்ணன் சுட்டு வைத்த நண்டைத் தின்றுவிட்டுக் கடலில் நீந்தப் போய்விடுகிறான். எங்கள் வீட்டில் முதல் மரணத்துக்குக் காரணம் சுறாவுமல்ல, தாகமுமல்ல. சின்னவன் வீசிய ஈட்டி பெரியவன் முதுகில் பட்டது. தவறுதலாகத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

ஜூன் விடுமுறையில் இரண்டு பேரையும் பூலாவ் உபின் தீவுக்குக் கூட்டிப்போனேன். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை படகோட்டி காத்திருந்தார். சின்னவன் பொறுமை இழந்து, “நாமே மிதவை கட்டிவிடலாம் அம்மா” என்றான். பக்கத்தில் இருந்த சீன மூதாட்டிக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, சிரித்துவிட்டார்.

தீவில் இறங்கிச் சைக்கிள் வாடகைக்கு எடுத்து செக் ஜாவா பக்கம் போனபோது புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு வெளியே வந்தது. விளையாட்டில் பன்றியைப் பார்த்ததும் ஈட்டியைத் தூக்குகிற இரண்டு வீரர்களும் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். பெரியவன் என் பையின் வாரைப் பிடித்த பிடியில் ஒரு தையல் விட்டுப்போயிற்று. பன்றி எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. படகுத்துறைக்கு அருகில் ஆளுக்கொரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். சின்னவன் பாதியில் நிறுத்திவிட்டான். “ஏன்டா?” என்றால், “வயிறு கெட்டுவிடும்” என்கிறான். இரவுப்பணிக்காரரே, உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், இந்த விளையாட்டைச் செய்தவன் இங்கே ஒரு பிள்ளையையும் கெடுத்துவிட்டான்.

பழைய வாளி

எனக்கு வயது எழுபதுக்கு மேல். பேரன் விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவன் எத்தனை முறை செத்தான் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் அந்தக் கடிகாரத்தில் உடலின் நீர் அளவு கீழே இறங்கிக்கொண்டே போக, அவன் பதறினான். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

1963-இல் இங்கே மழை பொய்த்துத் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. நான் சிறுபிள்ளை. வாரத்தில் சில நாள்கள் குழாயில் மணிக்கணக்காக ஒரு சொட்டு வராது. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுக்குழாய் ஒன்றுதான். எங்கள் வாளியின் அடியில் ஒரு பொத்தல் இருந்தது. அப்பா அதைத் தாரால் அடைத்திருந்தார். அதில் பிடித்த தண்ணீரில் தார் வாசனை வரும். அதனால் அது குளிக்க மட்டும். குடிக்க வேறு குடம். ஒருநாள் நான் குடத்துத் தண்ணீரில் கால் கழுவிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. குடத்தைத் தூக்கிப் பார்த்து, எவ்வளவு மீதம் என்று ஆட்டிப் பார்த்து, அப்படியே வைத்துவிட்டார். அடித்திருக்கலாம்.

இதைப் பேரனிடம் சொன்னேன். “நம்மைச் சுற்றிக் கடல்தானே தாத்தா?” என்றான். இப்போது கடல்நீரையும் குடிநீராக்குகிறோம், கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் ஆக்குகிறோம். அதெல்லாம் வந்தது 2003-இலும் அதற்குப் பிறகும். அன்றைக்கு எங்களுக்கும் அவன் தீவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “அந்த வாளி இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டான். எங்கே இருக்கப்போகிறது.

ஈரத்துண்டு

இரவுப்பணிக்காரரே, அம்மா எழுந்து போனதாகச் சொல்லி அப்படியே விட்டுவிட்டீர்கள். ஏன் போனார்?

இரவுப்பணிக்காரன் (ஈசூன்)

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தது. ஒரே இரவில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது. எங்களுடையதும் போயிற்று. நான் அப்போது இங்கே வேலையில் இருந்தேன். தொலைபேசியில் அம்மா அழவில்லை. எத்தனை மரம் நிற்கிறது என்று மட்டும் சொன்னார்: ஒன்பது. நான் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டேன், பணம் அனுப்பினேன், அவ்வளவுதான். சாய்ந்த மரங்களை நான் பார்க்கவே இல்லை. ஊருக்குப் போகும் முன்பே அறுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள்.

திரையில் மரம் சாயும்போது ஒரு முறிகிற சத்தம் வரும். எனக்கு அது விளையாட்டுச் சத்தம். சமையலறைக்குப் பின்னாலேயே போய் என்னவென்று கேட்டேன். “ஒரு காய்க்காக மரத்தைச் சாய்க்கிறாயே, நட்டுப் பார்த்தவனாக இருந்தால் கை வருமா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரையை அலசத் தொடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து நான் கீழே விழுந்து கிடக்கிற காய்களை மட்டும் பொறுக்குகிறேன். மிதவைக்கு மரம் வேண்டுமென்றால் கரையில் ஒதுங்கிய கட்டைகளையும் உடைந்த கப்பல்களையும் தேடிப் போகிறேன். ஆட்டம் மெதுவாகத்தான் நகர்கிறது. மகன் பார்த்துச் சிரிக்கிறான். இப்போது 23-ஆம் நாள். தீவில் எத்தனை மரம் நிற்கிறது என்று நேற்று அம்மா தொலைபேசியில் கேட்டார். எண்ணிப் பார்த்துச் சொன்னேன்.