மொழிப்பிறழ்ச்சி: குடிமையியல் தேர்வில் ஆங்கிலம் செய்யும் வேலைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழ்ப் பெற்றோருக்காக நான் எழுதிவரும் கையேட்டில் ஒரு கருத்துக்குத் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன்: குடிமையியலை, அதாவது நாட்டின் வரலாறும் அரசாங்கமும் பற்றிய அறிவை, அளக்க வேண்டிய தேர்வு ஆங்கில அறிவை அளந்துவிடும் கோளாறுக்கு. 'கட்டமைப்புத் தொடர்பற்ற மாறுபாடு', 'மொழித்தடை', 'மொழிச்சுமை', 'மொழிக்கசிவு' என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. அனுப்பிய அனைவருக்கும் நன்றி. அவை ஏன் பொருந்தவில்லை என்று சொல்லி, ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன் பெயர் வேண்டிய பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டு மடல்களில் அது வேறு திசையில் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

எங்கள் ஊர் நூலக வகுப்புக்கு ஒரு பெரியவர் வருகிறார். தமிழ்நாட்டில் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பயிற்சியில் அவரிடம், "வாட் இஸ் த சுப்ரீம் லா ஆஃப் த லேண்ட்?" என்று கேட்டேன். 'லா', 'லேண்ட்' இரண்டும் காதில் விழுந்ததும் 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தை விளக்கத் தொடங்கிவிட்டார். அதையே தமிழில், "இந்த நாட்டில் எல்லாச் சட்டங்களுக்கும் மேலான சட்டம் எது?" என்று கேட்டதும், "அரசமைப்புச் சட்டம்தான், இதில் என்ன சந்தேகம்?" என்றார். அரசாங்கத்தின் மூன்று 'ப்ராஞ்ச்' எவை என்ற வினாவிலும் இதே கதை. நம் ஊரில் ப்ராஞ்ச் என்றால் வங்கிக் கிளை. சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்பதைப் பணிக்காலம் முழுவதும் கண்ணால் பார்த்தவர் அவர். ஆங்கிலத்தில் கேட்டால் வாயடைத்துப் போகிறார்.

ஆக, அரசாங்கத்தைப் பற்றிய அறிவை அளக்க வந்த தேர்வு அவருடைய ஆங்கிலத்தை அளந்துவிட்டு, அதைக் குடிமையியல் மதிப்பெண்ணாக எழுதிக்கொள்கிறது. இந்தக் கோளாறுக்குத்தான் பெயர் வேண்டும். அளக்க வந்ததோடு தொடர்பில்லாத ஒன்றால் மதிப்பெண் மாறுவதைக் கல்வி அளவீட்டில் 'கன்ஸ்ட்ரக்ட் இர்ரெலவன்ட் வேரியன்ஸ்' என்பார்கள். தேர்வின் ஏற்புடைமை பற்றி, அதாவது அளக்க வேண்டியதைத்தான் அது அளக்கிறதா என்பது பற்றி, கல்வி அளவீட்டு அறிஞர் சாமுவேல் மெசிக் 1989-இல் எழுதிய நெடுங்கட்டுரை இதை விரிவாகப் பேசுகிறது. மொழியைத் தவிர வேறு காரணங்களாலும் இது நேரலாம். நமக்கு வேண்டியது மொழியால் நேர்வதற்கான பெயர் மட்டும்.

"குடியுரிமைக்கு ஆங்கிலமும் தேவை என்று சட்டமே சொல்லும்போது இதைக் கோளாறு என்று எப்படிச் சொல்லலாம்?" என்று ஐயா ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்பது 1906-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிவதும், வரலாறும் அரசாங்கமும் பற்றிய அறிவும் 1950-இல் சேர்ந்தன. ஆனால் இந்த ஆங்கிலத்துக்குத் தனிச் சோதனை இருக்கிறது. மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும், விண்ணப்பத்தைப் பற்றிய நேர்காணலில் பேச்சையும் பார்த்துக்கொள்வார்கள். அத்தனைக்கும் பிறகு குடிமையியல் வினாக்களையும் ஆங்கிலத்திலேயே கேட்டால் ஒரே குறைக்கு இரண்டு முறை தண்டனை.

குடிமையியலை ஆங்கிலத்திலிருந்து பிரிக்க முடியும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 50 வயதாகி 20 ஆண்டுகள் நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தவர்களும், 55 வயதாகி 15 ஆண்டுகள் இருந்தவர்களும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தங்கள் மொழியிலேயே குடிமையியல் தேர்வை எழுதலாம் (எழுதலாம் என்பது பேச்சு வழக்கு, உண்மையில் அது வாய்மொழித் தேர்வு). 65 வயதும் 20 ஆண்டுகளும் ஆனவர்களுக்கு 20 வினாக்கள் கொண்ட தனிப் பட்டியலே உண்டு. அதில் பத்துக் கேட்டு ஆறு சரியாக இருந்தால் போதும். பிள்ளைகள் அழைத்து அறுபது வயதுக்கு மேல் இங்கே வந்து சேர்ந்த நம் பெற்றோருக்கு இதனால் என்ன பயன்? தமிழில் பதில் சொல்லும் உரிமை கிடைக்க, அறுபத்தைந்தில் வந்தவர் எண்பது வயது வரை காத்திருக்க வேண்டும். இந்தத் தேர்வில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இப்போது தேர்வு கடினமாகியும் விட்டது. 2008 முதல் நடப்பில் இருந்த தேர்வில் 100 வினாக்களிலிருந்து பத்துக் கேட்டு ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சி. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 வினாக்களிலிருந்து இருபது கேட்கிறார்கள். பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. வினாவும் விடையும் முன்பே வெளியிடப்பட்டிருப்பதால், ஒலியை மட்டும் மனப்பாடம் செய்து தேறுபவர்கள் இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டுத் தேர்வில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் மூன்று சொற்களைக் கேட்கும் வினா ஒன்று இருந்தது. 'முதல் மூன்று சொற்கள்' என்று காதில் விழுந்ததும் 'வி த பீப்பிள்' என்று ஒப்பித்துவிடலாம். மக்களே ஆள்வோர் என்ற பொருள் மனத்தில் ஏறியிருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. தெரிந்தவர் தோற்பதும் தெரியாதவர் தேறுவதும் ஒரே கோளாறின் இரு விளைவுகள். நாம் தேரும் சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'கட்டமைப்புத் தொடர்பற்ற மாறுபாடு' மேலே சொன்ன ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு; சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் கட்டமைப்பு என்றதும் சாலையும் பாலமும்தான் நினைவுக்கு வருகின்றன; கையேட்டில் இதைப் பார்க்கும் எவரும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். 'மொழித்தடை' நல்ல சொல், ஆனால் அது ஆளைச் சுட்டுகிறது. கோளாறு அவரிடம் இருப்பதாக எண்ண வைக்கிறது. தெரியாதவர் தேறிவிடுவதையும் அது சொல்லவில்லை. 'மொழிச்சுமை' வினாவின் பண்பு. நீண்ட வாக்கியம், செயப்பாட்டு வினை, உள்ளடுக்கிய தொடர் எல்லாம் சேர்ந்து வினாவைக் கனக்கச் செய்வதைக் குறிக்க அதைத் தனியே வைத்துக்கொள்வோம். 'மொழிக்கசிவு' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மதிப்பெண்ணுக்குள் மொழி கசிகிறது என்ற கருத்து அழகானது. ஆனால் தேர்வு பற்றிய பேச்சில் கசிவு என்றாலே வினாத்தாள் கசிவு என்றாகிவிட்ட காலம் இது. மனமில்லாமல்தான் கைவிடுகிறேன்.

என் பரிந்துரை: மொழிப்பிறழ்ச்சி.

இயற்பியலில் நிறப்பிறழ்ச்சி என்ற சொல் இருக்கிறது. வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு இடங்களில் குவிப்பதால் பிம்பத்தின் ஓரங்களில் வண்ணம் படர்வதற்கு அந்தப் பெயர். குறை வில்லையில் இருக்கிறது, பார்க்கப்படும் பொருளில் இல்லை. மொழிப்பிறழ்ச்சியும் அவ்வாறே தேர்வின் குறையைச் சுட்டும். மொழியால் ஆகிய பிறழ்ச்சி என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரியும். மதிப்பெண் மேலே பிறழ்ந்தாலும் கீழே பிறழ்ந்தாலும் பொருந்தும். வாக்கியத்திலும் இடறாமல் வருகிறது: 'இந்த வினாவில் மொழிப்பிறழ்ச்சி மிகுதி', 'மொழிப்பிறழ்ச்சி குறைந்த வினாத்தாள்'. பேச்சுக் குறைபாட்டோடு குழப்பிக்கொள்வார்களோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. முதலில் வரும் இடத்தில் 'தேர்வில் மொழிப்பிறழ்ச்சி' என்று எழுதினால் அது தீரும் என்று நினைக்கிறேன்.

அம்மா ஒருவர் எழுப்பிய ஐயம் இதைவிட ஆழமானது. கணிதத்தில் மொழியைக் கழித்துவிட்டுக் கணக்கை மட்டும் கேட்கலாம். ஜமால் அபேதி போன்ற கல்வி ஆய்வாளர்கள் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்காகக் கணக்கை மாற்றாமல் வாக்கியத்தை மட்டும் எளிமையாக்கிச் சோதித்தும் இருக்கிறார்கள். குடிமையியலில் சொல்லே பாடமாயிற்றே, அங்கே எதைக் கழிப்பது என்கிறார் அந்த அம்மா. இங்கே இரண்டு வகைச் சொற்களைப் பிரிக்க வேண்டும். 'வீட்டோ' (மறுப்பாணை), 'அமெண்ட்மெண்ட்' (சட்டத்திருத்தம்) போன்றவை துறைச்சொற்கள். வினாவைக் கட்டித் தரும் மற்றவற்றைச் சூழ்சொற்கள் எனலாம். பள்ளியில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குத் துறைச்சொல் பாடத்தின் பகுதிதான். அது தெரியாததை மொழிப்பிறழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். சூழ்சொல்லால் தடுமாறினால் அது மொழிப்பிறழ்ச்சி. இடையில் சிக்கிக்கொள்பவை 'பில்', 'ஹவுஸ்', 'கேபினெட்', 'பார்ட்டி', 'ஸ்பீக்கர்' போன்ற சொற்கள். அன்றாட வாழ்வில் ஒரு பொருள், அரசாங்கத்தில் வேறு பொருள். உணவகத்தில் பில் கேட்டுப் பழகியவருக்கு மசோதா எப்படித் தோன்றும்? கையேட்டில் இவற்றுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறேன்.

மொழி தடையாகாதிருக்கத் தேர்வுகளில் தரும் கூடுதல் நேரம், இருமொழிச் சொற்பட்டியல், வினாவை வாசித்துக் காட்டுதல் ஆகியவற்றைச் 'சலுகை' என்று எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பிறழ்ச்சியைத் திருத்துவது யாருக்கும் காட்டும் தயவு அன்று. 'தேர்வு இசைவேற்பாடு' என்று தற்காலிகமாக எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கிறது, சுருக்கித் தருபவருக்குக் கடமைப்பட்டிருப்பேன்.

பாடத்தின் பெயரிலும் ஒரு முடிவு தேவை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் குடிமையியல், இலங்கையில் குடியியற் கல்வி. இரு நாட்டுப் பெற்றோரும் படிக்கப் போகும் கையேடு என்பதால் முதல் பக்கத்தில் இரண்டையும் தந்துவிட்டு, பிறகு குடிமையியல் என்றே தொடர எண்ணுகிறேன். இலங்கை நண்பர்களுக்கு இது உறுத்துமானால் தயங்காமல் எழுதுங்கள். மொழிப்பிறழ்ச்சிக்கு மறுப்பு இருந்தாலும், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் பொருத்திக் காட்டி அனுப்புங்கள்.

அன்புடன்