ஐந்து நாள் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் இரவில் சாகின்றன, உதவுங்கள்

தோட்டத்துவாசி:
ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிறோம். பொரிப்பகத்தில் வாங்கிய 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு இன்று ஐந்தாம் நாள். பகலில் துறுதுறுவென்று திரிகின்றன. விடிந்து பார்த்தால் பெட்டி மூலையில் ஒன்றிரண்டு நசுங்கிக் கிடக்கின்றன. சிலவற்றின் பின்புறத்தில் வெள்ளை எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. பெரிய அட்டைப்பெட்டி, உமி, மேலே 20 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு. தீவனக் கடையில் கழிச்சல் என்று சொல்லி ஒரு பொடி கொடுத்தார்கள். கலக்கலாமா? ஏழாம் நாள் விட வேண்டிய தடுப்புச் சொட்டு மருந்தும் இருக்கிறது.

மேட்டுக்காடு:
பொடி இருக்கட்டும் தம்பி, முதலில் பல்பை மாற்றுங்கள். எல்.இ.டி. எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட்ஸ் கணக்கு. பழைய குண்டு பல்பு 60 வாட்ஸில் இரண்டு மாட்டுங்கள், ஒன்று போனாலும் மற்றது காக்கும். பெட்டியை எடுத்துவிட்டு, ஒன்றரை அடி உயரத் தகட்டை வட்டமாக வளையுங்கள். மூலை இருந்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியிலிருப்பது மூச்சடைத்துச் சாகும்.
இரவு பத்து மணிக்கு எப்படிப் படுத்திருக்கின்றன?

தோட்டத்துவாசி:
நேற்று இரவு போய்ப் பார்த்தேன் ஐயா. ஒரே குவியலாக, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தின.

மேட்டுக்காடு:
அப்படியென்றால் குளிரோடு காற்றும் அடிக்கிறது. ஜன்னலின் கீழ்ப்பாதியில் சாக்கு கட்டுங்கள், மேலே திறந்திருக்கட்டும். விளக்கடியில் குவிந்தால் சூடு போதாது; விலகி ஓடி வாயைத் திறந்து இரைத்தால் அதிகம்; பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. வெப்பமானியைவிட நான் இதைத்தான் நம்புகிறேன். மின்சாரம் போனால் வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், புகை கொன்றுவிடும்.

கொட்டில் அக்கா:
ஒட்டிய எச்சத்தைப் பிய்க்காதீர்கள், தோல் கிழியும். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். ஈரம் காய்ந்தபின் விடுங்கள். குளிரில் நின்ற குஞ்சுக்கும் இப்படி ஒட்டும், எல்லாம் நோயல்ல. குடிநீரும் ஜில்லென்று இருக்கக் கூடாது. லசோட்டா என்ற அந்த வெள்ளைக்கழிச்சல் தடுப்புச் சொட்டு மருந்தை, வாடியிருக்கும் குஞ்சுகள் தெளிந்தபிறகு ஒரு கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள். அதுவரை மருந்தின் குளிர்ச்சி விடக்கூடாது.

தோட்டத்துவாசி:
குண்டு பல்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன். சூடு சரியான பிறகும் செத்தால்?

கொட்டில் அக்கா:
செத்ததைப் புதைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, பனிக்கட்டியோடு அன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாக வரும் சால்மோனெல்லா என்ற கிருமியின் கழிச்சலும் உண்டு. அதுவென்றால் பொரிப்பகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தரும்வரை அந்தப் பொடியைப் பிரிக்காதீர்கள்.