மறுமொழி: ஆப்சோனினுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> பூச்சுப்புரதம் என்றே வைத்துவிடலாமே, கிருமியின் மேல் பூசிக்கொள்வதுதானே அதன் வேலை?

வணக்கம் ஐயா. நம் இரத்தத்தில் இருக்கும் ஆப்சோனின் என்ற வகைப் புரதம் கிருமியின் மேல் பூசிக்கொள்வது சரிதான். ஆனால் வைரசின் மேலுறைப் புரதத்தைப் பற்றி எழுத வரும்போதும் இதே சொல்தான் முதலில் கைக்கு வரும், படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நேற்று இன்னொருவர் சொன்ன கிருமிக்கொல்லிப் புரதம் வேண்டவே வேண்டாம். ஆப்சோனின் தானாக எதையும் கொல்வதில்லை. கிருமியைத் தின்று கொல்லும் செல்லுக்கு அதைத் தின்னத் தோதாக ஆக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நிமோனியாவையே எடுத்துக்கொள்வோம். நுரையீரலில் அழற்சி தொடங்கியதும் அங்குள்ள செல்கள் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகின்றன, அது கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தை வாரி இறைக்கத் தொடங்குகிறது, இரண்டு நாளுக்குள் அதன் அளவு சில நேரம் 1000 மடங்குகூட ஏறிவிடும். காய்ச்சல் விடாமல் அடித்தால் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவாரே, அதே சிஆர்பிதான். அதுவும் ஓர் ஆப்சோனின்தான், ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்த புரதம். ஒரு முகத்தால் நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமியின் சுவரில் இருக்கும் ஃபாஸ்ஃபோகோலின் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ளும், மறுமுகத்தால் இரத்தத்தில் இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்களைக் கூப்பிடும், அவையும் வந்து கிருமியின் மேல் படியும். இப்படிப் படிந்தவற்றைப் பிடிப்பதற்கென்றே கிருமியை விழுங்கும் செல்லான தின்குழியத்தின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. அதுவரை பிடி கிடைக்காமல் வழுக்கிக்கொண்டிருந்த கிருமி அப்புறம்தான் உள்ளே போகிறது.

அதற்காக அழற்சிப் புரதம் என்றும் சொல்ல முடியாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளும் ஆப்சோனின்தான், அது அழற்சி இல்லாதபோதும் இரத்தத்தில் இருக்கிறது.

என் பரிந்துரைக்கு வருகிறேன். 1903-இல் லண்டனில் மருத்துவ ஆய்வாளர்கள் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் இந்தப் பெயரை வைத்தபோது ஆப்சான் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் பதார்த்தம் என்று பொருள். இதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் எங்கள் விருதுநகர்ப் பக்கம் "சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்காத வீடில்லை. வெஞ்சனம் இருந்தால் வெறுஞ்சோறும் இறங்கும். ஆப்சோனின் செய்வதும் அச்சு அசலாக அதுதானே!

ஆகவே ஆப்சோனின் வெஞ்சனி, அந்தச் செயல் வெஞ்சனமிடல், புரதம் படிந்த கிருமி வெஞ்சனமிட்ட கிருமி. வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையின்றி வளைகிறது, பூச்சுப்புரதத்தை இப்படி வளைக்க முடியாது.

வியஞ்சனம் என்ற வடசொல்லிலிருந்து வந்ததாயிற்றே என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். ஆனாலும் எங்கள் அடுப்படியில் ஊறிப்போன சொல், எனக்கு அதில் தயக்கமில்லை. தொடுகறியை வைத்தும் முயன்று பார்த்தேன், தொடு என்றதும் தொடுதிரை, தொற்று என்று நினைவு வேறு பக்கம் ஓடுகிறது.

வட மாவட்டத்து நண்பர்களும் ஈழத்து நண்பர்களும் சொல்லுங்கள்: வெஞ்சனம் என்றால் உங்கள் வீட்டில் புரியுமா, இல்லை அந்த இடத்தில் வேறு சொல் புழங்குகிறதா?