ஜப்பான் பெண்கள் மல்யுத்தம்: பார்த்து முடித்த பிறகும் மனசை விட்டுப் போகாத காட்சி எது?

ரோப்பிரேக்

ஷோவைப் பற்றி விமர்சனம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மெயின் ஈவன்ட் அருமை, டேக் மேட்ச் (ஜோடி ஜோடியாக மோதுவது) சுமார், இப்படிப் போய்க்கொண்டிருந்தது. முதல் மேட்ச்சுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

வேலை விஷயமாக டோக்கியோ போயிருந்தபோது கொராக்குவென் ஹாலில் பார்த்தது. எந்தக் குழு என்பது முக்கியமில்லை. முதல் மேட்ச்சில் களத்துக்கு வந்து அதிக நாள் ஆகாத ஒரு சின்னப் பெண், எதிரே அனுபவசாலி. யார் ஜெயிப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புதுசுகள் எல்லாம் தோற்றுத்தான் மேலே வரவேண்டும், அங்கே அதுதான் வழக்கம். அந்தப் பெண்ணிடம் இருந்தது டிராப்கிக் (எகிறி இரண்டு காலாலும் உதைப்பது), பாடி ஸ்லாம் (தூக்கித் தரையில் போடுவது), முழங்கை அடி, அவ்வளவுதான். கடைசியில் பாஸ்டன் கிராப் போட்டார்கள். குப்புறப் புரட்டி, இரண்டு காலையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்து முதுகை வளைப்பது.

நம் ஊர் டிவியில் அமெரிக்க மல்யுத்தம் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒரு சாதாரணப் பிடி. ஆனால் இந்தப் பெண் கயிற்றை நோக்கி ஊர்ந்தாள் பாருங்கள். பக்கத்தில் டை கட்டிய ஐம்பது வயதுக்காரர் அவள் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். விரல் கயிற்றில் பட்டதும் ஹாலே எழுந்தது, ஏதோ சாம்பியன் பெல்ட் ஜெயித்த மாதிரி. கயிற்றைத் தொட்டால் பிடியை விட்டாக வேண்டும், நடுவர் விடச் சொன்னார். அனுபவசாலி விட்டாள், காலைப் பிடித்து நடு ரிங்குக்கு இழுத்துப்போய் மறுபடி அதே பிடி, முன்னைவிட ஆழமாக. அப்போது அந்தப் பெண் எதிராளியைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. கயிறு எவ்வளவு தூரம் என்று அளந்தாள். அப்புறம் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

இடைவேளையில் பார்த்தால் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்று தன் போட்டோவைத் தானே விற்றுக்கொண்டிருக்கிறாள், சிரித்த முகத்தோடு.

இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது, சொல்லுங்கள்.

மதுரை மூன்சால்ட்

ரோப்பிரேக் சகோ, இரண்டரை. உணர்ச்சிவசப்படாதீர்கள். முதல் மேட்ச் முதல் மேட்ச்தான். நட்சத்திரம் போடும் பழக்கமே வேண்டாம் என்கிற பேச்சு இந்த வட்டத்தில் அடிக்கடி வரும், எனக்கு அதில் உடன்பாடில்லை. 90களில் பெண்கள் மேட்ச்சுகளுக்கு அமெரிக்க விமர்சகர் டேவ் மெல்ட்ஸர் அள்ளி அள்ளி ஐந்து நட்சத்திரம் போட்டதால்தான் அந்த டேப்புகள் உலகம் சுற்றின, நாமெல்லாம் பார்த்தோம்.

என் காட்சி: 2021 மார்ச் 3, நிப்பான் புடோகான், ஸ்டார்டம் குழுவின் பத்தாம் ஆண்டு ஷோ. ஜூலியாவும் தாம் நகானோவும், வெள்ளை பெல்ட்டுக்காக, தோற்பவர் தலைமுடியை இழக்க வேண்டும் என்ற பந்தயத்தோடு. நான் பார்த்தது ஸ்ட்ரீமிங்கில். கொரோனா காலம், ரசிகர்கள் வாய் திறக்கக்கூடாது, கை மட்டும் தட்டலாம். மேட்ச் முழுக்க அந்தக் கைதட்டல்தான் தாளம். ஜூலியா தோற்றார். ரிங் நடுவே உட்கார்ந்தார். மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. ஒரு அரங்கமே வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறது. ஒரு பெண் கத்தினால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். யாரும் கத்தவில்லை, கத்தவும் கூடாது.

கூட்டம் கத்தாத மேட்ச் செத்த மேட்ச் என்று அதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதற்கு மட்டும் விதிவிலக்கு.

பழைய கேசட்

மூன்சால்ட் தம்பி, முடி மேட்ச் என்றால் 2021இல் ஆரம்பிக்கக் கூடாது. 1985 ஆகஸ்ட் 28, ஒசாகாஜோ ஹால். சிகுசா நகாயோ, எதிரே டம்ப் மட்சுமோட்டோ. சிகுசா இருந்த க்ரஷ் கேல்ஸ் ஜோடி என்றால் அன்றைக்கு ஜப்பானில் சினிமா நட்சத்திரம் மாதிரி, பாட்டு ரெக்கார்டெல்லாம் போட்டவர்கள். அரங்கம் முழுக்கப் பள்ளிக்கூடப் பெண்கள். அந்த சிகுசா ரத்தம் ஒழுகத் தோற்று, சங்கிலியும் மூங்கில் கம்புமாக நிற்கிற டம்ப் கூட்டத்தின் நடுவே மொட்டை அடிபடுகிறார். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது அந்தப் பிள்ளைகள் அழுகிற அழுகை இருக்கிறதே. சோகப் படம் பார்க்கிற அழுகை இல்லை அது. கூடப் பிறந்தவளுக்கு ஏதோ ஆகிவிட்ட மாதிரி அலறுகிறார்கள். அடுத்த வருடம் நவம்பரில் அதே இடத்தில் சிகுசா ஜெயித்து டம்பின் தலையை மழித்தார், கணக்கு தீர்ந்தது என்பார்கள். எனக்குத் தீரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1992 ஆகஸ்ட் 15, மனாமி டொயோட்டாவும் தொஷியோ யமாடாவும். ஒரே டேக் டீம், தோழிகள். டொயோட்டா ஜெயித்தார். முடி வெட்டும் நேரம் வந்ததும் ஜெயித்தவர் அழுது புரண்டு தடுக்கிறார், என் முடியை வெட்டுங்கள் என்று தலையைக் கொடுக்கிறார், நாலு பேர் சேர்ந்து பிடித்து வைக்கவேண்டியிருக்கிறது. தோற்ற யமாடா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பந்தயம் பந்தயம்தான் என்கிற முகம். ஜெயித்தவரைச் சமாதானப்படுத்தத் தோற்றவர் இருக்கிற மேட்ச்சை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

சும்மா பார்ப்பவன்

எல்லாரும் இவ்வளவு உருகுகிறீர்கள். முடிவு முன்கூட்டியே பேசி வைத்ததுதானே? அந்தப் பிள்ளை கயிற்றைப் பிடித்ததும் எழுதி வைத்ததுதான்.

நானும் ஒன்று பார்த்தேன், டோக்கியோ ஜோஷி என்ற குழுவின் ஷோ. ஆரம்பத்திலேயே அப்அப் கேர்ள்ஸ் என்ற பாட்டுக் குழுப் பெண்கள் மைக்கோடு ரிங்கில் ஏறிப் பாடி ஆடினார்கள். பாட்டுக் கச்சேரிக்குத் தப்பான டிக்கெட் வாங்கிவிட்டோமோ என்று என் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் லைட் ஸ்டிக்கோடு தயாராக இருக்கிறார். பாடிய அதே பெண் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நெஞ்சில் அடி வாங்கி விழுகிறாள். எதில் சேர்ப்பது இதை? சிலருக்கு உடம்பும் பத்தவில்லை, மல்யுத்தக்காரி மாதிரியே இல்லை.

பழைய கேசட்

எழுதி வைத்தது என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாது தம்பி. அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்தம், 1968இல் மட்சுநாகா சகோதரர்கள் தொடங்கியது, 2005 வரை ஓடியது. அங்கே சின்னப் பெண்கள் ஆடும் மேட்ச்சுகளில் நிஜமாகவே எதிராளியை அமுக்கி மூன்று எண்ணிக்கை வாங்கினால்தான் வெற்றி. முடிவு பேசி வைப்பது கிடையாது. யார் மேலே போவார் என்பது அதில்தான் தெரியும். குடி கூடாது, புகை கூடாது, காதல் கூடாது என்று மூன்று தடை. 25, 26 வயதானால் போய்விடு என்கிற எழுதாத சட்டம் வேறு. டிராப்கிக் மட்டும் தெரிந்த பிள்ளைகள் அந்த அமுக்குப்பிடியில் விடாமல் மல்லுக்கட்டியதைப் பார்த்தவன் எவனும் "எல்லாம் நாடகம்" என்று சொல்லமாட்டான். இன்றைக்கு நிலைமை வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் ரோப்பிரேக் சொன்ன பாஸ்டன் கிராப் அந்தப் பள்ளியிலிருந்து வந்தது.

நிஷிகசாய் வாசி

டோக்கியோவில் இருப்பதால் இடைக்கிடை போவேன். என் அனுபவம் சின்னது. ஷின்கிபா ஃபர்ஸ்ட் ரிங், சில நூறு பேர் உட்காருகிற கொட்டகை மாதிரி இடம். இருவர் சண்டையை வெளியே கொண்டுவந்து நேராக என் வரிசைக்கே வந்துவிட்டார்கள். என் நாற்காலி பறிபோனது. நெஞ்சில் விழுந்த கையடியின் சத்தத்தைக் கையெட்டும் தூரத்தில் கேட்டேன், தோல் சிவந்ததையும் பார்த்தேன். முடிந்ததும் அடித்த பெண் திரும்பி, என் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி சண்டைக்கு ஓடினாள். வில்லி வேடத்தில் இருந்தவள் அவள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கொராக்குவென் ஹாலுக்கு சுய்தோபாஷி ஸ்டேஷனில் இறங்குங்கள், டோக்கியோ டோமுக்குப் பக்கத்திலேயே. ஹால் ஐந்தாம் மாடியில். ஏறும்போது லிஃப்ட், இறங்கும்போது கட்டாயம் படிக்கட்டு, சுவர் முழுக்க ரசிகர்கள் கிறுக்கி வைத்ததைப் படிக்க வேண்டாமா. ரிங்சைடுதான் உசத்தி என்று பணத்தைக் கொட்டாதீர்கள். தெற்குப் பக்கம் படிப்படியாக ஏறும், அங்கே உட்கார்ந்தால் யார் தலையும் மறைக்காது, மொத்த ரிங்கும் கண்ணுக்குள் வரும். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ, டீசர்ட் விற்பதெல்லாம் அந்தப் பெண்கள்தான், அதில் கிடைக்கிற காசு அவர்களுக்குப் பெரிது. செக்கி (வீராங்கனையோடு எடுக்கிற உடனடி போட்டோ) எடுத்தால் வரிசையில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகருங்கள், பின்னால் ஆள் காத்திருப்பார்கள். தோளில் கை போடுவது, நம்பர் கேட்பது, இதெல்லாம் நினைக்கவே கூடாது.

வீராங்கனையை வரவேற்று ரிங்குக்குள் காகிதச் சுருள் வீச ஆசைப்படுகிறவர்கள்: அறிவிப்பாளர் பெயர் சொல்லும் அந்த நொடிதான் கணக்கு. நடுவில் இருக்கும் அட்டைக் குழாயை முன்னாடியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் யார் கண்ணையாவது பதம் பார்த்துவிடும். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி எறியுங்கள், ஆளைக் குறிவைத்து அல்ல. ஒவ்வொரு வீராங்கனைக்கும் உரிய நிறம் என்ன என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள், எதிராளியின் நிறத்தை வீசினால் முறைப்பார்கள். சில இடங்களில் சுருள் அனுமதி இல்லை, முன்னாடி பார்த்துக்கொள்ளுங்கள். மேட்ச் நேரத்தில் வீடியோ எடுக்காதீர்கள், போட்டோவுக்கும் ஒவ்வொரு குழுவுக்கு ஒவ்வொரு விதி. சாப்பாடு வெளியிலேயே முடித்துவிடுங்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் சுய்தோபாஷியில் தேடி அலையாமல் கையில் கட்டிக்கொண்டு போவது நல்லது. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிலாத்தோழி

நிஷிகசாய் அண்ணா, காட்சி கேட்டால் கையேடே போட்டுவிட்டீர்களே. தயிர்சாதப் பொட்டலம் வரைக்கும்!

எனக்கு டோக்கியோவின் இச்சிகாயா. சாக்கோப்ரோ என்ற மல்யுத்த நிகழ்ச்சியை வீராங்கனை எமி சகுரா 2020 மார்ச் கடைசியில் யூடியூபில் தொடங்கினார், உலகமே வீட்டுக்குள் அடைந்த நேரம். அங்கே ரிங்கே கிடையாது. ஒரு அறை, தரையில் மெத்தை, பெரிய ஜன்னல்கள். கயிறு இல்லாத இடத்தில் சுவரும் ஜன்னல் திட்டும்தான் ஆயுதம். ஜன்னல் திட்டில் ஏறிக் குதிப்பார்கள், சமயத்தில் ஜன்னல் வழியே தெருவுக்கே போய்விடுவார்கள். ஆளில்லாத அறையில் இரண்டு பெண்கள் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து பாலியன் அக்கி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நம் இந்தியாக்காரர், ஜப்பானிலேயே மல்யுத்த வீரரானவர்.

ஒரு ராத்திரி ஜன்னல் திறந்திருந்தது, வெளியே தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார். உள்ளே ஒருத்தி இன்னொருத்தியின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த மனுஷன் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முடிவில் கல், காகிதம், கத்தரி விளையாடிவிட்டுச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினார்கள். லாக்டவுனில் எனக்கு அது போதும். நட்சத்திரம் எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு பெல்ட்

சும்மா பார்ப்பவன் எழுதிய கடைசி வரியை விட்டுவிட்டு எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். "உடம்பு பத்தவில்லை." மேட்ச் மோசம் என்று எழுதுங்கள், கடைசிப் பிடி சொதப்பல் என்று எழுதுங்கள், அடி இலேசாக விழுந்தது என்று கூட எழுதுங்கள். அது விமர்சனம்.

2020 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் இருந்தேன். ஆண்கள் ஷோ தொடங்கும் முன்னால் ஸ்டார்டம் பெண்களுக்கு ஒரு டேக் மேட்ச் கொடுத்தார்கள். ஒரு பக்கம் மாயு இவாதானி, அரிசா ஹோஷிகி. மறுபக்கம் ஹானா கிமுரா, ஜூலியா. அவ்வளவு பெரிய டோமில் ஆட்கள் அப்போதுதான் பியர் கோப்பையோடு சீட் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் மேல் அடுக்கில் என் எண்ணைத் தேடினேன். கீழே ரொம்ப தூரத்தில் ஹானாவின் இளஞ்சிவப்பு முடி மட்டும் தெரிந்தது. உட்கார்ந்து நிமிர்ந்தபோது பாதி மேட்ச் போய்விட்டது. மாயு பக்கம் ஜெயித்தது. பரவாயில்லை, அடுத்த தடவை கொராக்குவெனில் கிட்ட இருந்து பார்ப்போம் என்று நினைத்தேன்.

அதே வருடம் மே 23 அன்று ஹானா உயிரோடு இல்லை. 22 வயது. டிவி நிகழ்ச்சி ஒன்றில் நடந்ததை வைத்து முகம் தெரியாதவர்கள் இணையத்தில் அவரைத் திட்டி எழுதிக் குவித்தது உங்களுக்கே தெரியும். அதன் பிறகுதான் ஜப்பானில் 2022இல் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையைக் கூட்டினார்கள், ஒரு வருடம் வரை சிறை. தாயார் கியோகோ கிமுராவும் மல்யுத்த வீராங்கனைதான், அந்தச் சட்டத்துக்காக அலைந்தவர்களில் அவர் முன்வரிசை.

சும்மா பார்ப்பவன்

உடம்பைப் பற்றிய வரியை எடுத்துக்கொள்ளலாம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. ஆனால் பாட்டு பாடுவது பற்றிய என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை.

மதுரை மூன்சால்ட்

சிகுசாவே 80களில் ரிங்கில் பாடியவர்தான் சகோ, பழைய கேசட் அண்ணன் மேலேயே சொல்லிவிட்டார். டம்பிடம் அடி வாங்கியதும் அதே ஆள்தான். தனித்தனியாக எதற்குச் சேர்க்கிறீர்கள்?

ரோப்பிரேக், உங்கள் மேட்ச்சுக்கு மூன்று. அதற்கு மேல் ஒரு கால்கூடக் கிடையாது.

பழைய கேசட்

நிஷிகசாய் அவர்கள் கடைசி ரயில் என்றதும் சிரித்துவிட்டேன். 1994 நவம்பர் 20, டோக்கியோ டோம், பெண்கள் மல்யுத்தத்துக்கென்றே நடந்த ஷோ. பல குழுக்கள் வந்தன, கிட்டத்தட்ட பத்து மணி நேரம். அகிரா ஹொகுட்டோ இறுதியில் அஜா காங்கை ஜெயிக்கும்போது பலருக்குக் கடைசி ரயில் போய்விட்டது. டோமில் அவ்வளவு கூட்டம், இவ்வளவு நேரம் இழுத்தால் ஜனங்கள் எப்படி வீடு போவார்கள் என்று அதை நடத்தியவர்கள் ஒருத்தர் கூட யோசிக்கவில்லை பாருங்கள். வீட்டில் டேப்பில் பார்த்த எனக்கே பாதியில் தூக்கம் வந்துவிட்டது.