பகுதியில் √ வந்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்

கேள்வி (மன்னார்குடி, 9-ஆம் வகுப்பு):
பின்னத்தின் பகுதியில் (கீழே) உள்ள வேரை நீக்கும் கணக்கில், அதாவது விகிதப்படுத்துவதில், 5/√3-ஐச் சரியாகப் போடுகிறவர்கள்கூட 1/(3+√2) என்றதும் மேலும் கீழும் √2-ஆல் பெருக்கிவிட்டு முழிக்கிறார்கள். "நடுவில் குறியை மாத்து" என்றால் மாற்றுகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை. "கால்குலேட்டர் இருக்கே, இது எதுக்கு சார்?" என்று வேறு கேட்கிறார்கள்.

பதில் (கும்பகோணம்):
எதுக்கு என்பதிலேயே ஆரம்பிங்க சார். நம்ம பக்கத்து நில அளவுல ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 100 குழி ஒரு மா. சதுரமா இருந்தா ஒரு மா வயலின் பக்கம் 120 அடி. அரை மா சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவுன்னு கேளுங்க. பல பேர் 60 என்பாங்க. 60×60 = 3600 சதுர அடி, அது கால் மா தானே! சரியான பக்கம் 120/√2. போர்டுல ஒரு ஆளை 120 ÷ 1.414 வகுக்க விடுங்க, இன்னொரு ஆள் மேலும் கீழும் √2-ஆல் பெருக்கி 60√2, அதாவது 60 × 1.414 போடட்டும். இரண்டாவது ஆள் 84.84 அடின்னு எழுதிட்டு உட்கார்ந்திருப்பான்.

பதில் (திருவாரூர்):
√2-ஆல் பெருக்குவதைத் தடுக்க வேண்டாம், கடைசி வரை போகட்டும். √2/(3√2+2) வரும். வேர் இடம்தான் மாறியிருக்கிறது, போகவில்லை. அடுத்து (3+√2)-ஆலேயே பெருக்கட்டும்: கீழே 11+6√2. அந்த 6√2-தான் தொல்லை. இப்போது (3−√2): +3√2, −3√2 இரண்டும் அடிபட்டு 9−2 = 7. விடை (3−√2)/7. நடு உறுப்பை ஒழிக்கத்தான் குறி மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

பதில் (மயிலாடுதுறை):
விகிதப்படுத்திய பிறகு போகும் மதிப்பெண்தான் அதிகம். (6+√3)/3-ல் 6-ஐ மட்டும் 3-ஆல் அடித்து 2+√3 என்று எழுதுவார்கள். 1/(2−√5)-ல் பகுதி 4−5 = −1, அந்த மைனஸ் காணாமல் போகும்; விடை −2−√5. மேலே உள்ள தொகுதியை அடைப்புக்குறிக்குள் வைக்கப் பழக்கினால் இரண்டும் குறையும். 6/√18 மாதிரி வந்தால் முதலில் √18 = 3√2 ஆக்கணும். 2/√2, அதாவது √2. நேராக √18-ஆல் பெருக்குவதும் தப்பில்லை, ஆனால் 6√18/18 என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

கேட்டவர்:
நன்றி. 1/∛2-க்கும் ∛2-ஆலேயே பெருக்குகிறார்களே?

பதில் (திருவாரூர்):
∛2 × ∛2 = ∛4, இன்னும் வேர்தான். ∛8 வந்தால்தான் 2 ஆகும், அதனால் ∛4-ஆல் பெருக்கணும். விடை ∛4/2.