ஜப்பான் போகும் குடும்பத்துக்கு ரொக்கமா, கம்பெனி ஏற்பாடா?

கப்பலூர்_எச்ஆர்:
கப்பலூர் சிட்கோவில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. நாலு எஞ்சினியர்களை மனைவி மக்களோடு இரண்டு வருடத்துக்கு நகோயா பக்கம் அனுப்புகிறோம். ஆளுக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வீடு, பள்ளிக்கூடம், சாமான் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறது நிர்வாகம். சரிப்படுமா?

தல்லாகுளம்_டூல்ரூம்:
தாராளமா ரொக்கமாக் கொடுங்க சார். கம்பெனி வீடு பார்த்தால் ஃபேக்டரி வாசலில்தான் பார்க்கும். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது மனைவியும் பிள்ளைகளும். ஸ்டேஷன், பள்ளிக்கூடம், குழந்தை டாக்டர் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கணும் என்பது அவர்கள் கவலை.

சாமானும் அப்படித்தான். பேக்கர்ஸ் ஆள் வந்தால் மிக்ஸி, கிரைண்டர் வரைக்கும் கட்டிவிடுவார். அங்கே வீட்டுக் கரன்ட் 100 வோல்ட். நம்ம 230 வோல்ட் கிரைண்டரைச் செருகினால் கல் சுத்தாது, மோட்டார் முக்கி முக்கிச் சூடேறும். ஓட்டணும்னா 1000 வாட்டுக்கு மேல் தாங்குகிற ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அது கல்லாகக் கனக்கும். ஐ.எச். என்கிற இண்டக்ஷன் அடுப்பு இருக்கிற வீட்டில் அலுமினிய குக்கரும் உதவாது. அந்தச் சரக்குக் கூலியைக் கையில் கொடுத்தால் அங்கேயே வாங்கிக்கிருவாங்க.

வில்லாபுரம்_மீனா:
சாமானுக்கு நீங்க சொல்றது சரிண்ணே. வீட்டுக்கு ஒத்துக்கவே முடியாது. ஜப்பானில் பணம் இருக்கு என்பதற்காக வீடு கிடைத்துவிடாது. ஜாமீன் நிற்க ஆளோ அதற்கென்று உள்ள கம்பெனியோ வேணும். உள்ளூர் போன் நம்பர் வேணும். நம்பர் வாங்கப் போனால் பேங்க் கணக்கைக் கேட்பார்கள், கணக்குத் திறக்கப் போனால் நம்பரைக் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர் என்றதும் மறுக்கிற வீட்டுக்காரரும் உண்டு. அவர்கள் வேலை பார்க்கப்போகும் அங்குள்ள கம்பெனி தன் பெயரில் ஒப்பந்தம் போட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முன்பணம், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் திரும்பி வராத 'ரெய்க்கின்', தரகு, ஜாமீன் கட்டணம், முதல் மாத வாடகை என்று சேர்ந்தால் நாலு முதல் ஆறு மாத வாடகை எடுத்த எடுப்பிலேயே போகும். உள்ளே போனால் பல வீடுகளில் அடுப்பு இருக்காது, லைட் இருக்காது, திரைச்சீலையும் இருக்காது. மனைவி வீடியோவில் பார்த்து வீட்டைச் சொல்லட்டும், கையெழுத்து கம்பெனி போடட்டும்.

சிம்மக்கல்_ஆடிட்டர்:
வரியை யாரும் தொடவில்லை. ரொக்கமாகக் கொடுக்கும் வீட்டுப்படி ஜப்பானில் சம்பளத்தோடு சேர்ந்து முழுசாக வரிக்குள் வரும். கம்பெனி எடுத்த வீட்டுக்கு, விதிப்படி கணக்கிட்ட சிறு வாடகையை ஊழியர் கட்டினால் மிச்சத்துக்கு வரி இல்லை. நிர்வாகத்துக்கு இரண்டும் ஒரே செலவு, குடும்பத்துக்கு அப்படியில்லை.

உள்ளூர் வரியையும் இப்போதே சொல்லி வையுங்கள். ஜனவரி 1 அன்று அங்கே குடியிருப்பவருக்கு முந்தைய வருட வருமானத்தில் சுமார் 10 சதவீதம், ஜூன் முதல் பிடிப்பார்கள். முதல் வருடம் தெரியாது. இரண்டாம் வருடம் ஜூன் சம்பளத்தைப் பார்த்து வீட்டில் சண்டை வரும்.

பி.எஃப். விஷயம்: இந்தியா-ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இங்கே பி.எஃப். தொடர்ந்து கட்டி, பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.விடம், இங்கே கட்டுகிறார் என்று காட்டும் கவரேஜ் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் ஐந்து வருடம் வரை அங்கே ஓய்வூதியச் சந்தா இல்லை. வாங்காமல் போனால் 18.3 சதவீதம், பாதி ஊழியர் தலையில். மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. அங்கே சேர்ந்தே ஆகணும், பெரியவர்களுக்குச் செலவில் 30 சதவீதம் கையிலிருந்து போகும்.

தல்லாகுளம்_டூல்ரூம்:
வரிக்கணக்குக்கு எதிர்ப்பேச்சு இல்லை, வீட்டை விட்டுக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தை விடமாட்டேன். சின்னப் பிள்ளை என்றால் அங்குள்ள அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் சேரலாம், வருடம் ஏப்ரலில் தொடங்கும். எட்டாவது முடிக்கப்போகிற பிள்ளைக்கு அது ஆகாது. சிபிஎஸ்இயில் ஒன்பதாவதிலேயே பதிவு, திரும்பி வந்து நேராகப் பத்தாவதில் உட்கார்வது லேசில் நடக்காது. அந்தக் குடும்பம் மதுரையிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தால் 'குடும்பம் வரலை, படி கிடையாது' என்று கம்பெனி கையை விரிக்கும். அதனால்தான் ரொக்கம் என்கிறேன்.

வில்லாபுரம்_மீனா:
அதுக்கு விதியை மாத்தணும்ண்ணே, எல்லாத்தையும் ரொக்கமாக்கக் கூடாது. இங்கேயே இருக்கும் குடும்பத்துக்கு வருடம் இத்தனை டிக்கெட் என்று எழுதி வைக்கலாம்.

கப்பலூர் சார், நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது காகிதம். விசாவுக்கு முன் வேண்டிய தகுதிச் சான்றிதழுக்கு, மனைவி மக்களுக்கும் சேர்த்து, அங்குள்ள கம்பெனி அந்த ஊர்க் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கணும். வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் நாட்டில் நுழையணும். கல்யாணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் ஜப்பானிய மொழிபெயர்ப்போடு போகும். நம்ம பக்கம் மாட்டுவது இனிஷியலில். சான்றிதழில் 'ச. கவிதா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. பிள்ளை சான்றிதழில் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லை, அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டி மாநகராட்சியில் பெயர் சேர்க்கலாம். இதை விமான டிக்கெட் போட்ட பிறகு கண்டுபிடிப்பதில் பிரயோஜனமில்லை.

மருந்தும் அப்படி. தைராய்டு, பிரஷர் மாத்திரையை ஆறு மாதத்துக்கு அள்ளிக்கொண்டு போக முடியாது. டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாத அளவுதான், மேலே என்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச்சீட்டு வாங்கணும். மனைவிக்கு வேலை செய்ய அனுமதி எடுத்தாலும் வாரம் 28 மணி நேரம்தான். இங்கே டீச்சராகவோ நர்ஸாகவோ இருந்தவரிடம் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடணும். மொழி வகுப்புக்குக் கம்பெனி பணம் கட்டட்டும், புருஷனுக்கு மட்டுமில்லை, அவருக்கும்.

கப்பலூர்_எச்ஆர்:
இரண்டு பேர் வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள், சர்க்கரை உண்டு. அவர்களுக்காவது ரொக்கம் போதுமா?

சிம்மக்கல்_ஆடிட்டர்:
போதாது சார். ஊழியரை இந்தியச் சம்பளப் பட்டியலில் இருந்து எடுத்தால் கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பெற்றோரும் சேர்ந்தே விழுந்துவிடுவார்கள். 70 வயதுக்காரருக்குப் புது பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வைப்பார்கள், பையன் அதற்குள் திரும்பி வந்துவிடுவான். ஊழியர் பெயரைச் சம்பளப் பட்டியலிலேயே வைத்திருங்கள், கவரேஜ் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். பெற்றோரின் இ-கார்டு, காப்பீட்டு டெஸ்க் நம்பர், ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கக்கூடிய உங்கள் ஆள் ஒருவரின் பெயர், மூன்றையும் அந்த வீட்டில் எழுதிக் கொடுங்கள்.